கேஸ் ஷீட்டில் ஒரு நிமிடம்

மார்ச் 3, திங்கள்

மகள் அன்சிலாவுக்கு இன்று பிளஸ் டூ பரீட்சை தொடங்கியது. தமிழ். நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாள். அவளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு நான் கிளினிக் போய்ச் சேரும்போது எட்டரை.

ஏழு கேஸ். எல்லாம் வாய் வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற கேஸ்தான். நாளை பதினொன்று என்றார் டாக்டர் இளம்பரிதி. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வஹீதா மேடம் காலையில் வேறோர் ஆஸ்பத்திரியில் சிசேரியனுக்குப் போகிறாராம். "பரவால்ல, அதான் நீங்க இருக்கீங்களே சிஸ்டர்" என்றார் டாக்டர்.

ஜனவரியில் பத்து நாள் எழுதி நிறுத்திய டைரி இது. புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. இந்த நாற்பது நாளாவது விடாமல் எழுத வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

பதினொன்றில் நாலு கேஸோடு நிறுத்திவிட்டோம். நாலாவது ஆளுக்கு மூச்சு சரியாக வரவில்லை. ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினோம். பெயர் வேல்மயில். ஐம்பத்திரண்டு வயது. நத்தத்துக்காரர், அரசு பஸ் டிரைவர்.

மானிட்டர் சத்தம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து யூனிஃபார்மை இரண்டு தரம் துவைத்தேன். அதில் கறை எதுவும் இல்லை.

மார்ச் 5, சாம்பல் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு அப்படியே வேலைக்குப் போனேன். மதுரையிலிருந்து தகவல்: வேல்மயில் இன்னும் கண் விழிக்கவில்லை. மூச்சு இயந்திரத்தில் வைத்திருக்கிறார்கள்.

நேற்று எழுதியதை வாசித்தேன். நாலைந்து வரியில் முடித்திருக்கிறேன். அவ்வளவுதான் நடந்தது என்பதுபோல.

அந்த மருந்தின் பெயர் புரொபோஃபால். பார்க்கப் பால் போல இருக்கும். நரம்பில் ஏற்றினால் கை கொஞ்சம் எரியும். "எரியுது சிஸ்டர்" என்று சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிடுவார்கள். நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் விழித்து, "இன்னும் ஆரம்பிக்கலயா?" என்று கேட்பார்கள். வாந்தியும் பெரிதாக இருக்காது. நல்ல கனவு வந்தது என்று சிரிப்பவர்களும் உண்டு. அதனால் டாக்டர்களுக்கும் பிடிக்கும், நோயாளிகளுக்கும் பிடிக்கும்.

வஹீதா மேடம் இதைப் போடும்போது நோயாளியின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு கை நோயாளியின் தாடையில் இருக்கும். போன் அடித்தாலும் எடுக்க மாட்டார். ஒருநாள் கேட்டேன், ஏன் மேடம் இப்படி என்று.

"நல்ல மருந்துதான் சகாயம். எல்லா ஊர்லயும் தினமும் போடுறாங்க. ஆனா தூக்கத்துக்கும் மூச்சு நிக்கிறதுக்கும் நடுவுல இடம் ரொம்பக் கம்மி. ஒருத்தர தூங்க வைக்கிற அளவு இன்னொருத்தருக்கு மூச்சையே நிறுத்திரும். வேற சில மருந்துக்கு முறிவு ஊசி இருக்கு, இதுக்குக் கிடையாது. மருந்தோட வேகம் இறங்குற வரைக்கும் நாமதான் அவங்களுக்காக மூச்சுக் குடுக்கணும். அதனால இதப் போடுறவங்க வேற ஒரு வேலையும் பாக்கக் கூடாது."

தீபாவளிக்குப் பிறகு, மேடம் வர முடியாத நாட்களில் டாக்டர் என்னைப் போடச் சொல்ல ஆரம்பித்தார். "பத்து வருஷமா பாத்துட்டு இருக்கீங்க, தெரியாதா" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வேல்மயில் கனத்த ஆள். கழுத்து குட்டை. மேஜையில் படுக்கும்போது, "நாளைக்குக் காலைல முத டிரிப்பு எனக்கு. அதுக்குள்ள தெளிஞ்சிரும்ல?" என்றார். தெளிந்துவிடும் என்றேன். பாதியில் அவர் உடம்பை முறுக்கினார். டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னும் கொஞ்சம் குடுங்க சிஸ்டர்" என்றார். கொடுத்தேன். பிறகு டாக்டர் அவர் வயிற்றிலிருந்து கிள்ளி எடுத்த சதைத் துணுக்கை நீட்டினார். அதைப் பாட்டிலில் போட்டு, பெயர் எழுதி ஒட்டுவதற்காகத் திரும்பினேன். திரை தெரிவதற்காக அறையை இருட்டாக்கியிருந்தோம். திரும்பி வந்தபோது அவர் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. நெஞ்சு அசையவில்லை.

கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற பை அலமாரியில்தான் இருந்தது. அதற்கு முன்னால் கையுறைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தோம்.

மார்ச் 6, வியாழன்

டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார். கேஸ் ஷீட் மேஜையில் புதிதாக எழுதி இருந்தது. பழைய தாளைக் காணவில்லை.

"அவருக்கு ஹார்ட் முன்னாடியே வீக்கா இருந்திருக்கும் சிஸ்டர். வேற காரணமே இல்ல. நாம உடனே பாத்துட்டோம், ஒரு நிமிஷத்துல மூச்சுக் குடுத்துட்டோம். அதத்தான் எழுதியிருக்கேன். உதவியா இருந்த நர்ஸ்ங்கிற இடத்துல கையெழுத்துப் போட்டுருங்க."

மயக்க மருந்து கொடுத்தவர் என்ற இடத்தில் டாக்டர் வஹீதா என்று எழுதியிருந்தது.

கையெழுத்துப் போட்டேன். எல்லா கேஸுக்கும் போடுவதுதான்.

மார்ச் 7, வெள்ளி

இன்று கேஸ் இல்லை. மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். அன்சிலா புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். புத்தகம் ஏறி இறங்குகிறதா என்று நின்று பார்த்தேன். ஏறுவது தெரியவில்லை. ஓடிப்போய் மூக்கடியில் கையை வைத்தேன். விழித்துக்கொண்டாள்.

"என்னம்மா பண்ற?"

"கொசு" என்றேன்.

மார்ச் 8, சனி

வேல்மயிலின் மனைவி வந்திருந்தார். பெயர் செண்பகம். வேல்மயிலுடைய செருப்பும் மூக்குக்கண்ணாடியும் இங்கேயே தங்கிவிட்டன. ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"அஞ்சு நாளா கண்ணத் தொறக்கல சிஸ்டர். வயித்துவலினுதான கூட்டிட்டு வந்தேன். நடந்துதான வந்தாக. உள்ள என்னதான் நடந்துச்சு?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ஹார்ட் என்றேன்.

"ஹார்ட்டா? போன மாசம்தான் டிப்போல எல்லாருக்கும் டெஸ்ட்டு எடுத்தாக. நல்லாருக்குன்னுட்டாக." கொஞ்சம் யோசித்தார். "அன்னைக்கு வெளிய உக்காந்திருக்கும்போது உங்கட்டச் சொன்னேன்ல? இவுக குறட்டை விட்டா லாரி மாதிரி இருக்கும், நடுவுல நடுவுல மூச்சு நின்னு நின்னு வரும்னு. அத டாக்டர்ட்டச் சொன்னீங்கள்ல?"

"சொன்னேன்" என்றேன்.

சொன்னேனா என்று இவ்வளவு நேரமாக யோசித்துப் பார்க்கிறேன். அன்று பதினொரு கேஸ். வெளியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆளாளுக்கு ஏதாவது சொல்வார்கள்.

சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது வெளியே வந்துவிட்டேன். ஆட்டுக்கறி எடுக்கவில்லை. முருங்கைக்காய் சாம்பார்.

மார்ச் 10, திங்கள்

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டருக்குப் போன். நான் ஃபைல்களோடு எதிரே நின்றிருந்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். கேட்டது எனக்கே தெளிவாகக் காதில் விழுந்தது.

"சார், மூச்சு இல்லாம எவ்வளவு நேரம் இருந்தார்? அது சரியாத் தெரிஞ்சாத்தான் நாங்க மேல பாக்க முடியும்."

"ஒரு நிமிஷம். அதுக்கு மேல இருக்காது" என்றார் டாக்டர். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

இரண்டாவது தரம் மருந்து கொடுத்ததும் குறித்து வைக்க மணி பார்த்தேன். பத்து நாற்பத்தொன்று. பையை அமுக்கி நெஞ்சு முதல் தடவை ஏறியபோதும் கடிகாரம் எதிரில்தான் இருந்தது. பத்து நாற்பத்தாறு. மருந்து போய் வேலை செய்ய ஒரு நிமிடம் என்று தள்ளினாலும் நாலு நிமிடம்.

இது எனக்கு மட்டும்தான் தெரியும். டாக்டர் மணி பார்க்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

மானிட்டர் சத்தம் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

அது பழுதில்லை. காலையிலேயே நான்தான் சத்தத்தை அணைத்தேன். விரலில் மாட்டுகிற கிளிப் லூசாகிவிட்டது. ஆள் கொஞ்சம் அசைந்தாலும் கழன்று அலறும். அலறினால் டாக்டருக்குக் கோபம் வரும். "அத நிறுத்துங்க சிஸ்டர்" என்பார். அன்று அவர் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்னால் நானே நிறுத்தினேன். வேறு கிளிப் வேண்டும் என்று நான் கேட்டதும் இல்லை.

ஒரு வாரமாக, அது ஏன் அடிக்கவில்லை என்று நானும் எல்லாரோடும் சேர்ந்து ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 12, புதன்

வஹீதா மேடம் வீட்டுக்கே வந்துவிட்டார். அன்சிலா பள்ளிக்குப் போயிருந்தாள். நல்லவேளை. தண்ணீர் கொடுத்தேன்.

"அன்னைக்கு அந்த நேரத்துல நான் இன்னொரு தியேட்டர்ல நின்னேன் சகாயம். ஒரு குழந்தை பொறந்துக்கிட்டு இருந்துச்சு. இங்க மருந்து குடுத்தது நான்னு என் பேர் எப்படி வந்துச்சு?"

காலி டம்ளரை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

"மதுரைலருந்து எனக்குப் போன் பண்ணிக் கேக்குறாங்க. அந்த ஆள நான் பார்த்ததுகூட இல்ல. உன்ன மாட்டிவிடணும்னு வரல. நீ போட்டியா?"

தலையை ஆட்டினேன்.

"எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம் மேடம்."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "அங்க ஒரு நிமிஷம்னு நம்பிக்கிட்டு, ஒரு நிமிஷத்துக்கு ஏன் இன்னும் முழிக்கலைன்னு வேற எதையெல்லாமோ தேடிக்கிட்டு இருக்காங்க. மூளைக் காய்ச்சலா, ரத்தக்கட்டான்னு. முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்திருக்காங்க. திரும்பத் திரும்ப ஸ்கேன். அந்தம்மாகிட்ட தினம் ஒரு காரணம் சொல்றாங்க. அவங்க பொய் சொல்லல சகாயம். அவங்களுக்குத் தெரியாது."

போகும்போது வாசலில் நின்று, "என் பேர நான் பாத்துக்குவேன். அதுக்காக நீ வர வேண்டாம். அந்த நாலு நிமிஷத்துக்காக வா" என்றார்.

மார்ச் 13, வியாழன்

மேடம் வந்துபோனது டாக்டருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. உட்காரச் சொன்னார். பத்து வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை.

"அன்சிலா என்ன படிக்கப் போறா?"

"நர்சிங்னு சொல்றா சார்."

"நல்ல காலேஜா பாத்துச் சேத்துருவோம். அது என் பொறுப்பு." பேனாவை மூடி வைத்தார். "நானும் தூங்கலதான் சிஸ்டர். எனக்கும் குடும்பம் இருக்கு. ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க. ஊசி போட்டது உங்க கை. நான் ஸ்கோப் குழாயப் புடிச்சுக்கிட்டு இருந்தேன்."

மெதுவாகத்தான் சொன்னார். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

தெருவில் போலீஸ் ஜீப் நின்றது. அடுப்பை அணைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். எதிர் வீட்டில் பாஸ்போர்ட் விசாரணை.

சாயங்காலம் கோயிலில் சிலுவைப் பாதை ஜெபத்துக்குப் போகவில்லை.

மார்ச் 15, சனி

அன்சிலாவிடம் கல்யாண வீடு என்று சொல்லிவிட்டு, திண்டுக்கல்லில் மதுரை பஸ் ஏறினேன். வாடிப்பட்டியில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று எழுந்தேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "எறங்குறீங்களா இல்லையாம்மா?" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

தீவிரச் சிகிச்சைப் பிரிவில் அந்தப் போன் குரலுக்குரிய டாக்டர் இருந்தார். இளம் பெண். என்னைவிடப் பத்து வயது சிறியவராக இருப்பார். பெயர், வேலை, பதிவு எண் எல்லாம் சொன்னேன். பிறகு நான்தான் மருந்து போட்டேன் என்றேன். இரண்டாவது தரம் போட்டது, மணி, அலாரத்தை அணைத்தது, குறட்டை, பை இருந்த அலமாரி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை ஒரு தடவைகூட நிறுத்தவில்லை.

"குறட்டை விஷயம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்படி இருக்கிறவங்களுக்கு இந்த மருந்துல தொண்டை சீக்கிரம் அடைச்சுக்கும். அதுவும் தெரியுமா?"

"வஹீதா மேடம் சொல்லிக் கேட்டிருக்கேன்."

எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். இரண்டு பக்கம் எழுதினேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"பொழைச்சிருவாரா டாக்டர்?"

"தெரியல. இப்ப எத எதிர்பாக்கணும்னாவது தெரியுது" என்றார்.

வெளியே வராந்தாவில் செண்பகம் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சிஸ்டர், பாக்க வந்தீங்களா" என்றார். அந்த "வாங்க"வைத்தான் தாங்க முடியவில்லை. அவர் எதிரில் தரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்.

அவர் கத்தவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவும் இல்லை.

"டாக்டர்ட்டச் சொன்னேன்னு சொன்னீகளே."

"பொய் சொன்னேன்."

"மூச்சு நின்னப்ப நீங்க எங்க பாத்துக்கிட்டு இருந்தீக?"

"பாட்டில்ல பேர் எழுதிக்கிட்டு இருந்தேன்."

"யாரு பேர?"

"அவரு பேரத்தான்."

துண்டை மடித்தார், மறுபடி விரித்தார்.

"உள்ள எழுதிக் குடுத்துட்டீகளா?"

"குடுத்துட்டேன்."

"அப்பப் போங்க. என் கண்ணு முன்னாடி நிக்காதீக."

மார்ச் 16, ஞாயிறு

அன்சிலாவிடம் சொன்னேன். கல்யாண வீட்டுக்குப் போகவில்லை என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அவள் அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் சொல்ல வேறு ஆள் இல்லை.

கேட்டு முடித்துவிட்டு, "ஜெயிலுக்குப் போவியாம்மா?" என்றாள்.

"தெரியல."

"பரீட்சை முடியற வரைக்கும் போகாத."

மார்ச் 17, திங்கள்

வேலைக்கு வர வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. என் தண்ணீர் பாட்டிலும் குடையும் அங்கே இருக்கின்றன.

மார்ச் 19, புதன்

வஹீதா மேடம் போன் செய்தார். தேவையில்லாத பரிசோதனைகளை நிறுத்திவிட்டார்களாம். வேல்மயில் நேற்று மாலை கண் திறந்தாராம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்கிறாராம். பேச்சு இல்லை. இடது கை அசையவில்லை.

சந்தோஷப்பட வேண்டும். போனை வைத்துவிட்டு, என் இடது கையை மடக்கி நீட்டிப் பார்த்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

கடைசிப் பரீட்சை முடிந்தது. வேல்மயில் விஷயமாகச் சுகாதாரத் துறையிலிருந்து தபாலில் கடிதம் வந்தது. ஏப்ரல் 22 காலை பத்தரைக்கு விசாரணைக்கு நேரில் வர வேண்டும். டாக்டருக்கும் போயிருக்கிறதாம். அன்சிலா கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு, என் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தாள்.

ஏப்ரல் 2, புதன்

டாக்டரின் வக்கீல் என்று ஒருவர் பேசினார். பயத்தில் ஏதேதோ எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதுமாம். "நீங்க பயந்துபோய்த்தானம்மா எழுதுனீங்க?" என்றார்.

"இல்ல சார். பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டது அதுக்கு முந்துன தாளு."

இதைச் சொன்னது நான்தானா என்று இன்னும் நம்ப முடியவில்லை.

ஏப்ரல் 12, சனி

செண்பகத்திடமிருந்து நேற்றுப் போன். வேல்மயில் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறதாம். என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். "எனக்கு இஷ்டமில்ல. அவுக கேக்குறாக, அதனால சொல்றேன்" என்றார்.

நத்தம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஆள் பாதியாக இளைத்திருந்தார். நாற்காலியில் இடது கையை மடியில் எடுத்து வைத்து உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"உக்காருங்க" என்றார். நாக்கு தடிமனாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. "எனக்கு எரிச்சலா இருந்துச்சு. கைல. அது வரைக்கும்தான் ஞாபகம். அப்புறம் இல்ல. நீங்க சொல்லுங்க."

நாலாவது தடவையாகச் சொன்னேன். செண்பகம் வாசல்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சொல்லி முடித்தபோது என் சேலைத் தலைப்பு கையில் கசங்கிக் கயிறாகிவிட்டிருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

அவர் வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் சரியாக வைத்துக்கொண்டார்.

"இருவத்தாறு வருசம் ஓட்டிருக்கேன். எட்டு வருசத்துக்கு முந்தி. கோபால்பட்டி தாண்டி. விடியக் காலைல. கண்ணு அசந்துட்டேன். முழிச்சுப் பாக்குறேன், வண்டி எதிர்ப்பக்கம் போய்க்கிட்டு இருக்கு. திருப்பிட்டேன். அம்பது பேரு இருந்தாக. ஒருத்தருக்கும் தெரியல. நான் யார்ட்டயும் சொல்லல. இவகிட்டயும்."

செண்பகம் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அது புதிது என்று முகத்தில் தெரிந்தது.

"அதுக்காக இவுகள விட்டுறச் சொல்றீகளா?"

"விடச் சொல்லல." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "இருவத்தி ரெண்டாந் தேதி நானும் வர்றேன். இவுக எங்க நின்னாக, அந்த டாக்டர் எங்க நின்னாருன்னு எல்லாத்தையும் சொல்லட்டும். எனக்கு எதுத்தாப்புல வச்சுச் சொல்லட்டும்."

சொல்கிறேன் என்றேன். செண்பகம் டீ கொடுக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கிளம்பும்போது, "பஸ் இருக்கு. அஞ்சு அம்பதுக்கு" என்று மட்டும் சொன்னார்.

டிரைவருக்குப் பின்னால் இருக்கிற முதல் சீட்டு காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தேன். இளவயது டிரைவர். கண்டக்டர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார், அவர் திரும்பாமலே பதில் சொன்னார். திண்டுக்கல் வரும்வரை மேலே இருந்த கண்ணாடியில் அவருடைய கண்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.